சத்துமாவுக்குத் தொண்ணூற்றொன்று

“நீங்கள் சாப்பாட்டுச் சாமானுக்கு மார்க் போடுற படிப்பாமே படிச்சனீங்கள்?”

“மார்க் இல்லை. எந்தச் சாப்பாட்டில என்ன சத்து எவ்வளவு இருக்கெண்டு பாக்கிற படிப்பு.”

“அப்ப எனக்கு எவ்வளவு போடுவீங்கள்?”

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாக்காமல் நான் நம்பர் போடமாட்டன்.”

அவன் சிரித்துவிட்டான். கோயில் வெளிமண்டபத்தில் இரண்டு குடும்பமும் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, இவர்களைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன. சிவபாதசுந்தரம் குரலைத் தாழ்த்தினான்.

“என்னட்டக் கேக்கிறதுக்கு ஏதும் இருந்தால் இப்பவே கேளுங்கோ. பிறகு அப்பாதான் கதைப்பார்.”

“இல்லை. ஒண்டும் இல்லை.”

கலியாணமாகி இரண்டு வருடமாகப் பத்மாவதி இதை எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். அந்தக் கடைசிப் பதில் பொய். கேட்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் எங்கே இருக்கப்போகிறோம் என்று கேட்க நினைத்தாள். எங்களுக்கென்று ஒரு வீடு எடுப்பீர்களா என்று கேட்க நினைத்தாள். நாக்கு எழவில்லை.

எழாததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணோடு வர வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பத்மாவதிக்கும் வீடு இருந்தது. அவள் பிறந்த வருடம் அப்பா அத்திவாரம் போட்ட வசாவிளான் வீடு. நான்கு அறை, முன்னால் இரண்டு விளாட்டு மாமரம். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அது இராணுவத்தின் முட்கம்பிக்கு அந்தப்பக்கம் இருந்தது. உறுதிப்பத்திரம் மட்டும் ஒரு பொலித்தீன் பைக்குள் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. வீடு கொண்டுவராத பெண் மாப்பிள்ளையிடம் போய் வீடு கேட்பதா? அம்மா கேள்விப்பட்டிருந்தால் செத்தேபோயிருப்பாள்.

அதனால் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மாமனார் நமசிவாயத்தின் சுப்பர்மார்க்கெட்டுக்கு மேலேயே குடித்தனம் தொடங்கிற்று. அவர்களுடைய அறைக்கும் மாமா மாமியின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. மாமா இருமினால் இந்தப்பக்கம் கட்டில் அதிர்வதுபோல் இருக்கும். ஆறுதலாக நாலு வார்த்தை கதைக்க வேண்டுமென்றால் இருவரும் பின்னேரம் தண்டவாளக் கரைக்குப் போனார்கள். சுந்தரம் உப்பும் தூளும் போட்ட மாங்காய் வாங்கித் தருவான். ரயில் போகும்போது தன் இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்துவான். அந்தக் கைகளில் எப்போதும் வனிலா மணக்கும். கடையின் கொட்டாஞ்சேனை ஸ்டோரை அவன்தான் பார்த்தான். அங்கே ‘பொற்கதிர் சத்துமா’ அரைத்துப் பக்கெற் பண்ணினார்கள். தோய்த்த சேட்டிலும் அந்த மணம் போகாது. கலியாணமான புதிதில், அவன் போன பிறகு அவள் அவனுடைய தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கிடப்பாள்.

மாமாவின் மணம் வேறு. அவர் மணிக்கட்டு வரை குழைத்துச் சாப்பிடுகிறவர். வாயில் சோற்றை வைத்துக்கொண்டேதான் முக்கியமான விடயமெல்லாம் கதைப்பார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் ஒரு பகிடி கட்டாயம் இருக்கும்.

“எங்கட மருமகளும் வீடு கொண்டு வந்தவதான். மடிச்சுப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறா.”

வந்தவர்கள் சிரிப்பார்கள். மாமாவின் வாயிலிருந்து ஒரு பருக்கை பறந்து மேசைவிரிப்பில் விழும். சுந்தரம் தன் சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். பத்மாவதி அந்தப் பருக்கையைப் பார்ப்பாள். பிறகு அதை அவளேதான் துடைப்பாள்.

சத்தெண் என்ற யோசனையும் அந்த மேசையில்தான் பிறந்தது. அமெரிக்காவில் இருந்த மாமாவின் அண்ணன் மகன் ஒருவன், அங்கே ஒரு கடையில் சாமான் அடுக்கிய றாக்கையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஒவ்வொரு சாமானுக்குக் கீழும் ஒன்றிலிருந்து நூறு வரை ஒரு எண். சத்துக் கூடினால் எண் கூடும்.

“பாத்தீரே பிள்ளை, படிப்பிலையும் காசு பாக்கிறாங்கள்,” என்றார் மாமா. “எங்களுக்கு ஆள் தேடத் தேவையில்லை. வீட்டிலேயே பட்டதாரி இருக்கு. நீர் போடும்.”

அன்றைக்கு அவளுக்குச் சந்தோசம்தான். மூன்று மாதம் இருந்து கணக்குப் பார்த்தாள். வயிற்றை நிரப்புவது வேறு, உடம்புக்குக் கொடுப்பது வேறு. ஒரே நிறைக்குள் எது கூடப் புரதம் தருகிறது, எது இரும்பு தருகிறது, எது வெறும் சீனியையும் உப்பையும் தந்து ஏமாற்றுகிறது என்று பார்த்து எண் போட்டாள். பொன்னாங்காணிக்குத் தொண்ணூற்றேழு. பயறுக்கு எண்பத்தெட்டு. நெத்தலிக்கு எண்பத்திரண்டு. பொரித்த மிக்சருக்குப் பன்னிரண்டு. கலர் சோடாவுக்கு இரண்டு.

“ரெண்டோ?” மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “ரெண்டு எண்டு எழுதிப்போட்டு ஆராவது விப்பானோ? அந்த றாக்கைக்கு லேபலே வேண்டாம்.”

அவள் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். சோடாதானே.

பொற்கதிர் சத்துமாவுக்கு அவர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். உழுந்து, பயறு, சோயா, கச்சான், குரக்கன், எது எத்தனை பங்கு என்று.

“ஒருக்கா ஸ்டோருக்கு வந்து பாக்கட்டோ மாமா?”

“அது பொம்பிளையள் வாற இடமில்லை. நடுவில ரெண்டு செக்பொயின்ற். நான் எழுதித் தந்ததை நம்பேல்லையோ?”

நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? துண்டில் இருந்ததற்குக் கணக்குப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று வந்தது. பச்சை வட்டம், நடுவில் எண், அதன் கீழே ‘கணிப்பு: திருமதி பத்மாவதி சிவபாதசுந்தரம், பி.எஸ்சி.’ என்று மாமா லேபல் அடிப்பித்தார்.

சனம் அந்தப் பச்சை வட்டத்தைப் பிடித்துக்கொண்டது. கொழும்பில் இருந்தவர்கள் தங்களுக்காகப் பார்க்கவில்லை. வடக்குக்குப் போகும் ஏ-நைன் பாதை சண்டையால் பூட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில்தான் போக வேண்டும். பார்சல்காரன் ஒரு ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடுக்கமாட்டான். அந்த ஐந்து கிலோவுக்குள் சவர்க்காரமும் வேண்டும், அப்பாவின் மருந்தும் வேண்டும், பிள்ளைக்குச் சாப்பாடும் வேண்டும். ஆகவே வியாழக்கிழமைகளில் சனம் றாக்கைக்கு முன்னால் நின்று, இதை எடுத்து அதை வைத்து, எண்களைப் பார்த்துப் பார்த்துக் கூடையை நிரப்பிற்று.

“நீர்தானே நம்பர்ப் பிள்ளை?” என்று ஆட்கள் அவளை ஒழுங்கையில் மறித்துக் கேட்பார்கள். “நீர் போட்டால் சரியாத்தான் இருக்கும். என்ர பேரனுக்கு ரெண்டு பக்கெற் அனுப்பினனான்.”

அவளும் அனுப்பினாள். தங்கை சிவமணி கொக்குவிலில் வாடகைக்கு இருந்தாள். பதினொரு மாதத்தில் ஒரு மகள். கிளினிக் கார்ட்டில் பிள்ளையின் நிறைக்கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மாதா மாதம் பத்மாவதி சாமான் தெரிந்து, பட்டியல் எழுதி, கூடைக்குள் வைத்துவிடுவாள். பார்சல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது சுந்தரம். பட்டியலில் முதலாவது எப்போதும் சத்துமாதான்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் சிவமணி கோல் எடுத்தாள்.

“அக்கா, கொமினிகேஷனில இருந்து எடுக்கிறன், கெதியாச் சொல்லிறன். பிள்ளை முக்கால் கிலோ கூடியிட்டாள். கிளினிக் மிஸ் அட்டையில ஸ்டார் போட்டுத் தந்தவ.”

“நான் சொன்னனான்தானே? சத்துமாவை விடாமல் குடு.”

“எந்தச் சத்துமா?”

“அனுப்பிறன்தானே மாசம் மாசம்.”

“இல்லையே அக்கா. லிஸ்ட்டில எழுதியிருக்கும், பார்சலுக்குள்ள இராது. அதுக்குப் பதிலாப் பயறும் பால்மாவும் நிறைய இருக்கும். நீங்கள்தான் மாத்தி வைக்கிறீங்களாக்கும் எண்டு நினைச்சன்.”

பத்மாவதி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். “ஒருக்காலும் வரேல்லையோ?”

“ஒருக்காலும் வரேல்லை. வராததும் நல்லதுக்குத்தான். கோவிக்காதேங்கோ, பக்கத்து வீட்டுக்கு உங்கட கடை மா வாறது. அவையின்ர பெடியனுக்கு வயித்தோட்டம் நிக்குதேயில்லை. நான் ஒருநாள் பக்கெற்றை மணந்து பாத்தன். மேல வனிலா மணக்குது. உள்ளுக்கு வேற என்னவோ மணக்குது அக்கா, ஊறின சாக்கு மாதிரி… சரி, காசு முடியுது, வைக்கிறன்.”

அவள் கீழே கடைக்கு இறங்கி வந்தாள். காசு மேசையில் மாக்ரெட் இருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி, ஆறு வருடமாக இந்தக் கடையில் வேலை. மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான்.

“மாக்ரெட், உம்மட மகனுக்கு எங்கட சத்துமா குடுக்கிறனீரோ?”

மாக்ரெட் பில் மெஷினைப் பார்த்தபடி, “இல்லக்கா,” என்றாள்.

“ஏன்?”

“அவனுக்குப் பிடிக்காது.”

“கடை ஆக்களுக்கு அரைவிலைதானே. வாங்கிக் குடுத்துப் பாத்தனீரோ?”

மாக்ரெட் சுற்றிப் பார்த்தாள். மாமா மூலையில் பார்சல் சனத்தோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, நான் சொன்னேன்னு வெச்சுக்காதீங்க. எங்க தெருவுலதான் ஸ்டோர் இருக்கு. எங்க தெருவுல ஒரு வீட்லகூட அத வாங்க மாட்டாங்க. நீங்க ஒருநாளும் வந்து பாத்ததே இல்லையா?”

“இல்லை.”

“ஐயோ. பேரு மட்டுமா போட்டீங்க?”

அன்றைக்கு மாக்ரெட்டுக்குப் பன்னிரண்டு மணியோடு வேலை முடிவு. பத்மாவதி கைப்பைக்குள் அடையாள அட்டையையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டையும் வைத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினாள். ஒரு இடத்தில் எல்லோரையும் இறக்கிச் செக் பண்ணினார்கள். சின்ன வயது ஆமிக்காரன் ஒருவன் பத்மாவதியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கொஹேத யன்னே?” என்று கேட்டான். எங்கே போகிறோம் என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

“வெடட்ட மல்லி, வெடட்ட,” என்றாள் மாக்ரெட். வேலைக்குப் போகிறோம் என்று சிங்களத்திலேயே சமாளித்தாள்.

ஸ்டோரின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. தெருமுனையிலேயே வனிலா மணக்கத் தொடங்கிவிட்டது. மாக்ரெட் வாசலோடு நின்றுகொண்டாள். “நா வரல அக்கா. அய்யா பாத்தா என் வேல போயிரும்.”

உள்ளே பத்தடி நடந்ததும் வனிலாவுக்கு அடியில் கிடந்த மற்ற மணம் எழும்பி வந்தது. ஊறின சாக்கு. எலி. புளித்த எண்ணெய். சீமெந்துத் தரை காலில் ஒட்டிற்று.

சுவரோடு சாக்குகள் அடுக்கியிருந்தன. கப்பலில் தண்ணீர் பட்டு, கோழித்தீனுக்கென்று ஏலத்தில் விட்ட கோதுமை மா. சாக்கிலேயே அப்படி எழுதியிருந்தது, அதை மறைக்கக்கூட யாரும் முயலவில்லை. நனைந்து காய்ந்த இடங்களில் மா கட்டி பட்டுப் பச்சை பூத்திருந்தது. அடுத்த பக்கத்தில் கடைகளில் விலைபோகாமல் திரும்பி வந்த பிஸ்கட் ஒரு குவியல். இரண்டு பெண்கள் நிலத்தில் இருந்து பக்கெற்றுகளைக் கிழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று வெள்ளை நூலால் பின்னியிருந்தன. அந்த நூலுக்குள் புழுக்கள் நெளிந்தன. அரிதட்டின் கீழே விழுந்து கிடந்தது மா அல்ல, அது அசைந்தது. வண்டுகள் சாக்கின் விளிம்பால் ஏறி வெளியே போய்க்கொண்டிருந்தன. வெளியே போகத் தெரிந்தவை அவை மட்டும்தான்போல் இருந்தது.

பின்னால் ஒரு பெரிய தாச்சியில் இதெல்லாம் வறுபட்டது. புழுவும் சேர்ந்துதான் வறுபட்டது. பக்கத்தில் சீனிச் சாக்கு, ஒரு கான் வனிலா. உழுந்தும் இருந்தது. மேசை மூலையில், ஒரு சின்னப் பைக்குள்.

“யாரு வேணும்மா?” நிலத்தில் இருந்த வயதான பெண் கேட்டாள். அவள் மடியில் பச்சை லேபல் சுருள் கிடந்தது. ஒரு விரலைப் பசையில் தோய்த்துத் தோய்த்துப் பக்கெற்றுகளில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“நான்… பத்மாவதி.”

கிழவி லேபலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். “இதுல இருக்கிற பேரா? நீங்கதானா அது? அடி சீனியம்மா, நல்லாப் பாத்துக்கடின்னு எனக்கு நானே சொல்லிக்கணும். ஒங்க பேர ஒட்டி ஒட்டி என் வெரல் தோலே போயிருச்சும்மா. நல்ல பேரு. ஒரு நாளைக்கு முந்நூறு தடவ ஒட்டுறேன்.”

பத்மாவதி வாசலுக்கு ஓடி, வெளியில் சாக்கடைக் கானில் வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிட்ட இடியப்பம், அதற்குப் பிறகு வெறும் மஞ்சள் நீர்.

முதுகில் ஒரு கை வைத்துத் தடவியது. வனிலா.

“தொடாதேங்கோ.”

சுந்தரம் கையை எடுத்தான். மூக்கையும் வாயையும் மூடி லேஞ்சி கட்டியிருந்தான். அந்த இடத்தில் அவன் ஒருவன்தான் மூக்கைக் கட்டியிருந்தான் என்பதை அவள் கண்டாள்.

“நீர் எப்பிடி இஞ்ச வந்தனீர்? வழியில செக்கிங் இல்லையே?”

“இருந்தது.”

“ஆர் உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தது?”

“என்ர பேரை ஒட்டுற இடத்தைப் பாக்க வந்தனான்.”

அவன் லேஞ்சியைக் கழுத்துக்கு இறக்கினான். முகம் வியர்த்திருந்தது. “பத்மா, இதைக் கேளும். நல்லா வறுத்துத்தான் அரைக்கிறம். வறுத்தால் எல்லாம் செத்துப்போம். உழுந்து விக்கிற விலைக்கு, நாங்கள் துண்டில எழுதின மாதிரிச் செய்யேலாது. அப்பா சொல்லுறார், சண்டை முடியும்வரைக்கும்தான், பிறகு நல்ல சாமான் போடலாம் எண்டு. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.”

“கொக்குவிலில ஒரு பெடியனுக்கு வயித்தோட்டம் நிக்குதில்லையாம்.”

“அது தண்ணியாலயும் வரும்.”

“அப்ப சிவமணியின்ர பார்சலில இருந்து ஏன் எடுத்து வைச்சனீங்கள்?”

தெருவில் ஒரு கையேஸ் வான் பின்னுக்குப் போய்த் திரும்பியது. அது திரும்பி முடியும்வரை அவன் அதைப் பார்த்தான்.

“அது எங்கட பிள்ளை, பத்மா.”

வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அவள் உருகிப்போயிருப்பாள். எங்கட பிள்ளை. அவர்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையென்று நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் மாதா மாதம் பயறும் பால்மாவும் மாற்றி வைத்திருக்கிறான். இந்த மனிதனில்தானே அவள் ஆசை வைத்தாள். அவள் எழுதிய பட்டியலைப் பிரித்துப் பார்த்து, முதல் வரியில் இருந்ததைக் கூடையிலிருந்து எடுத்துத் திரும்ப றாக்கையில் வைத்திருக்கிறான். திரும்ப றாக்கையில். அடுத்த ஆள் எடுப்பதற்கு.

“மற்றதெல்லாம் ஆற்ர பிள்ளையள்?” என்று கேட்டாள்.

அவனுடைய கன்னத்தில் கொஞ்சம் மா ஒட்டியிருந்தது. நேற்று என்றால் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டிருப்பாள். இரண்டு வருடம் அந்தக் கழுத்து மணத்தை ஆசையோடு மணந்ததை நினைக்க அவளுக்குத் தன் மூக்கின்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன்மேல் மட்டும் எப்படிக் கோபிப்பது? பார்க்காமல் நம்பர் போடமாட்டேன் என்று கோயிலில் நின்று வீறாப்பாகச் சொன்னவள் அவள்தான். மாமனாரைப் பார்த்துச் சந்தேகப்படக் கூச்சப்பட்டாள். வீடு கொண்டுவராத மருமகள், மாமனாரின் துண்டை நம்பாமல் இருக்கலாமா என்று யோசித்தாள். அந்தக் கூச்சத்துக்குத்தான் இப்போது ஒரு நாளைக்கு முந்நூறு பக்கெற்.

தெருமுனைக்கு நடந்து ஒரு ஓட்டோ பிடித்தாள். சுந்தரம் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்தது கேட்டது. அவள் திரும்பவில்லை.

கடையில் பின்னேரச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் காலையில் பார்சல் ஏற்றுவதாக அறிவித்திருந்தார்கள். பத்மாவதி நேரே சத்துமா றாக்கைக்குப் போனாள். விளிம்பில் ஒட்டியிருந்த பச்சை வட்டத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். எண் பாதியும் பெயர் பாதியுமாகக் கிழிந்து வந்தது. மிச்சத்தைச் சுரண்டினாள். பசை நகத்துக்குள் போயிற்று.

பக்கத்தில் ஒரு அம்மா மூன்று பக்கெற்றைக் கூடைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். “பிள்ளை, விலை கூட்டப் போறீங்களோ?”

“அம்மா, அதைத் திரும்ப வையுங்கோ.”

“ஏன், ஆருக்கும் எடுத்து வைச்சிருக்கோ?”

“இல்லை. அந்த நம்பர் பிழை. நான்தான் போட்டனான், பாக்காமல் போட்டனான். பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. வீட்டில இருக்கிறதையும் கொட்டுங்கோ. ஊருக்கு அனுப்பியிருந்தால் கோல் எடுத்துச் சொல்லுங்கோ. பயறு கொண்டு போங்கோ, அது நல்லது, அதை நான் கண்ணால பாத்தனான்.”

அந்த அம்மா அவள் முகத்தையும் பக்கெற்றையும் மாறி மாறிப் பார்த்தார். “போன மாசமும் அனுப்பினனானே,” என்றார் மெதுவாக. “நீர் போட்ட நம்பர் எண்டுதானே அனுப்பினனான்.”

பின்னால் நின்ற இரண்டு மூன்று பேரும் தங்கள் கூடைக்குள் பார்த்தார்கள். ஒருவர் பக்கெற்றை எடுத்து மணந்தார். இன்னொருவர் எடுத்ததைத் திரும்ப வைத்தார்.

மாமா வந்துவிட்டார். பின்னேரத் தேத்தண்ணியோடு தின்ற வடை இன்னும் வாயில் இருந்தது. சனத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே பல்லுக்குள் சொன்னார்: “மேல போம் பிள்ளை. சுகமில்லைப் போல. மேல போய்ப் படும்.”

“சுகமில்லைத்தான் மாமா. கொட்டாஞ்சேனையில வாந்தி எடுத்தனான்.”

கொட்டாஞ்சேனை என்றதும் அவருடைய வாய் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு மீண்டும் மென்றது. விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

“ஓகோ. இந்தக் கடையில தின்னுற சோறு எங்கால வருதெண்டு தெரியுமோ? அந்த மாவாலதான். ரெண்டு வருசமாத் திண்டனீர்தானே, அப்ப பிரட்டேல்லையோ?”

“இப்ப பிரட்டுது.”

“பேரைக் கிழிச்சுப்போட்டு எங்க போகப்போறீர்? வசாவிளானுக்கோ? கேம்புக்குக் கடிதம் எழுதட்டோ, மருமகள் வாறா, வீட்டை ஒருக்காத் திறந்து விடுங்கோ எண்டு?”

இந்த முறை சனத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. உழுந்து வடைத் துகள் ஒன்று அவர் உதட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஆடிற்று. பத்மாவதி அதைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த மேசையில் துடைத்ததெல்லாம் போதும் என்று இருந்தது.

வாசலில் சுந்தரம் நின்றான். பஸ்ஸிலா ஓட்டோவிலா வந்தான் என்று தெரியவில்லை, மூச்சு வாங்கியது. தகப்பன் சொன்ன கடைசி வார்த்தை அவன் காதில் விழுந்திருந்தது. வழக்கம்போலக் குனிவதற்கு இங்கே சாப்பாட்டுக் கோப்பை இருக்கவில்லை.

“தம்பி, இவவைக் கூட்டிக்கொண்டு மேல போ,” என்றார் மாமா.

அவன் அசையவில்லை. தகப்பனையும் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய லேஞ்சியைக் கழற்றிக் கைக்குள் சுருட்டினான்.

“அப்பா, சத்துமாவை எல்லாம் எடுப்பம்,” என்றான். குரல் உடைந்து, அரைவாசிதான் வெளியில் வந்தது.

“என்ன?”

“றாக்கையில இருந்து… எடுப்பம்.”

“எடுத்துப்போட்டு? இந்தக் காலத்தில வெளிய போய்த் தமிழன் என்னத்தைத் திண்டு சீவிக்கிறது? பொலிஸ் பதிவோட ஒரு அறை எடுக்கிறதெண்டாலே நாக்குத் தள்ளும். விசர்க் கதை கதையாதை.”

சுந்தரம் றாக்கைக்கு நடந்துபோய், நின்ற சனத்துக்கு நடுவே, ஒரு பக்கெற்றை எடுத்து நிலத்தில் வைத்தான். பிறகு இன்னொன்று. மாக்ரெட்டின் இடத்தில் இருந்த பெண் பில் அடிப்பதை விட்டுவிட்டு எழும்பிப் பார்த்தாள்.

பத்மாவதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தொட்டால் இன்றைக்கும் நாளைக்கும் அவளுக்குத் தோல் கூசும். அது தெரிந்தது. அவன் எடுத்து நிலத்தில் வைத்தது பத்தோ பன்னிரண்டோ பக்கெற். போனதெல்லாம் போய்விட்டது. இருந்தாலும் அவன் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தான். மேலே அந்தத் தட்டி வைத்த அறைக்குப் போனால் நாளைக் காலையில் இந்தக் கைகள் திரும்பவும் கொட்டாஞ்சேனைக்குப் போகும் என்பதும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவள் அவனுக்குக் கிட்டப் போனாள். வனிலாவும் வியர்வையும் மணத்தன. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“இஞ்சாருங்கோ. கோயிலில வைச்சு, கேக்கிறதுக்கு ஏதும் இருந்தால் கேளுங்கோ எண்டு சொன்னனீங்கள். நான் ஒண்டுமில்லை எண்டனான்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“இருந்தது. வீடு கொண்டு வராதவள் எப்பிடிக் கேக்கிறதெண்டு இவ்வளவு நாளும் விழுங்கிக்கொண்டு இருந்தனான். இப்ப கேக்கிறன். எனக்கு ஒரு வீடு எடுத்துத் தாங்கோ. தெஹிவளையில ஒரு அறை எண்டாலும் காணும். இண்டைக்கே போவம். அந்தச் சேட்டை இஞ்சையே கழட்டிப்போட்டு என்னோட வாங்கோ.”